உஷார்! ‘12 வோல்ட் லித்தியம்’ என்ற பெயரில் மூன்று பெட்டிகள்

ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள். ஹாம் ரேடியோ வைத்திருப்பவர்கள், புதிதாக லைசென்ஸ் வாங்கிக் கையோடு எடுத்துப்போகும் செட் ஒன்றை வாங்கியவர்கள், அதற்கு ‘12 வோல்ட் லித்தியம் பேட்டரி’ தேடிக்கொண்டிருப்பவர்கள் எல்லாருக்கும் சொல்கிறேன்: அந்தப் பெயரை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அந்த ஒரே பெயரில் மூன்று விதமான பெட்டிகள் விற்பனையில் இருக்கின்றன. மூன்றுக்கும் அதே நீல பிளாஸ்டிக் உறை, அதே சிவப்பு கறுப்பு வயர், அதே உருண்டைப் பின். ஒன்று உங்கள் ரேடியோவுக்குச் சரியானது. இன்னொன்று பாதி வழியில் காலை வாரிவிடும். மூன்றாவது ரேடியோவையே கருக்கிவிடும். சார்ஜரை மாற்றிச் செருகிவிட்டால் வீட்டுக்கே ஆபத்து.

கடலூர், சிதம்பரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்குச் சமாச்சாரம் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்திலும் சோனாங்குப்பத்திலும் கிள்ளைக் கரையிலும் கடல் ஊருக்குள் புகுந்தது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது மணிக்கு 140 கிலோமீட்டர் வரை காற்று வீசியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் வரிசை வரிசையாக விழுந்தன, பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. 2015 நவம்பர் வெள்ளம், 2020இல் நிவர் புயல், 2024இல் ஃபெஞ்சல் புயலும் அதையடுத்துத் தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் இன்னும் யாருக்கும் மறந்திருக்காது. கரண்ட் போனால் செல்போன் கோபுரமும் தன் பேட்டரி தீரும்வரைதான் நிற்கும். அதன்பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வண்டி வந்து சேர வேண்டும், அதற்குச் சாலை வேண்டும்.

2004 சுனாமியின்போது அந்தமானில் என்ன நடந்தது என்று ஹாம்களுக்குத் தெரியும். ஹாம் பாரதி பிரசாத்தின் குழு ‘வியூ4ஆர்பிஐ’ என்ற அழைப்புக்குறியோடு உலக ஹாம்களிடம் பேசுவதற்காகப் போர்ட் பிளேரில் ரேடியோ போட்டிருந்தது. நிலம் அதிர்ந்த அன்றே அந்த நிலையம் தீவுக்கும் தாய்நிலத்துக்கும் இடையே செய்தி கடத்தும் வழியாக மாறியது. நம் ஊரிலும் அப்படி ஒரு நாள் வந்தால் என்ன செய்வோம்? கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குச் சுமார் 45 கிலோமீட்டர். ரப்பர் ஆன்டெனா வைத்த 5 வாட் வாக்கிடாக்கி நேரடியாக அவ்வளவு தூரம் எட்டும் என்று நம்பியிருக்க முடியாது. 7 மெகாஹெர்ட்ஸில், இரண்டு தென்னைகளுக்கு இடையில் தாழ்வாகக் கட்டிய கம்பி ஆன்டெனாவும் ஒரு சின்ன எச்எஃப் (சிற்றலை) செட்டும் இருந்தால் பகலில் சென்னை வரை பேசலாம். அந்த செட்டுக்குச் சோறு போடுவது பேட்டரி. அதில் ஏமாந்தால் மற்ற எல்லாம் வெறும் பெட்டி.

சரி, அந்த மூன்றும் என்ன?

முதலாவது, லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட். எல்எஃப்பி என்பார்கள். செல் ஒன்றுக்கு 3.2 வோல்ட், நான்கு செல் வரிசையாக 12.8 வோல்ட். சார்ஜர் 14.6 வோல்ட் கொடுக்கும். சார்ஜரை எடுத்தபின் 13.3 அல்லது 13.5க்கு வந்து நிற்கும். அதன்பிறகு ஏறக்குறைய தீரும்வரை 13 வோல்ட்டை ஒட்டியே ஓடும். 13.8 வோல்ட்டுக்கு அமைக்கப்பட்ட ரேடியோவுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை.

இரண்டாவது, லேப்டாப் பேட்டரியில் இருக்கும் சாதாரண லித்தியம் அயான் செல் மூன்று. பெயருக்கு 11.1 வோல்ட், முழுச் சார்ஜில் 12.6. மூன்றாவது, அதே செல் நான்கு. பெயருக்கு 14.8, முழுச் சார்ஜில் 16.8. இவை இரண்டையும் சிலர் கூசாமல் ‘12 வோல்ட்’ என்றே எழுதி விற்கிறார்கள்.

இப்போது உங்கள் ரேடியோவின் கையேட்டை எடுங்கள். யாயெசு எஃப்டி-891, ஐகாம் ஐசி-705 போன்றவற்றில் 13.8 வோல்ட், கூடக்குறைய 15 சதவீதம் என்று போட்டிருக்கும். அதாவது 11.7க்குக் குறையக் கூடாது, 15.9ஐத் தாண்டக் கூடாது. நான்கு செல் பெட்டி முழுச் சார்ஜில் 16.8. செருகிய அந்த நொடியிலேயே எல்லை தாண்டியாயிற்று! மூன்று செல் பெட்டியோ, ஒவ்வொரு செல்லும் 3.9 வோல்ட்டுக்கு இறங்கியதுமே 11.7ஐத் தொட்டுவிடும். பாதிக்கு மேல் மின்சாரம் உள்ளே இருக்கும்போதே ரேடியோ தடுமாற ஆரம்பிக்கும். கேட்கும்போது தெரியாது. பிடிடி என்ற பேசும் பொத்தானை அழுத்திப் பேச வாயைத் திறந்தால் குரல் கரகரக்கும், இல்லையென்றால் செட் அணைந்து அணைந்து எரியும். உதவி கேட்கும் நேரத்தில்தான் அந்தக் குறை வெளியே தெரியும் என்பதுதான் எனக்குப் பயமே.

பிரித்தறிய ஒரு மல்டிமீட்டர் போதும். பெட்டியை முழுக்கச் சார்ஜ் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, ஒரு மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளந்து பாருங்கள். 13.3 பக்கம் காட்டினால் எல்எஃப்பி. 12.6 அல்லது அதற்குச் சற்றுக் கீழ் என்றால் மூன்று செல். 16க்கு மேல் என்றால் அதை ரேடியோ இருக்கும் மேசைக்கே கொண்டுவராதீர்கள்.

சிதம்பரத்தில் நண்பர் ஒருவர் ஆன்லைனில் வாங்கிய பெட்டியை என்னிடம் கொண்டுவந்தார். மேலே ‘எல்எஃப்பி 12 வோல்ட் 12 ஏஎச்’ என்று பளிச்சென்று ஸ்டிக்கர். ஏஎச் என்றால் ஆம்பியர் மணி, கொள்ளளவின் கணக்கு. முழுச் சார்ஜில் மீட்டர் 12.4 காட்டியது. சமையலறைத் தராசில் வைத்தால் அரைக் கிலோ கூட இல்லை. அப்போதே விஷயம் விளங்கிவிட்டது. இருந்தாலும் உறையைக் கத்தரித்துப் பார்த்தோம். உள்ளே ஒன்பது செல்கள், மூன்று வெவ்வேறு நிறம். செல்களின் முனையில் இப்போதைய நிக்கல் பட்டைக்குப் பக்கத்திலேயே பழைய வெல்டிங்கின் தழும்பு இருந்தது. எங்கோ செத்த லேப்டாப்பிலிருந்து உரித்தெடுத்த செல்கள், புது உறை போட்டுப் புது விலைக்கு வந்திருக்கின்றன. நண்பர் அதைப் பிச்சாவரத்தில் ஒரு நாள் முழுக்க ரேடியோ இயக்கத் தயாராக வைத்திருந்தார்.

ஆகவே வாங்கும்போது தராசை நம்புங்கள். 18650 என்ற விரல் பருமன் செல்லின் எடை சுமார் 45 கிராம். நல்ல கம்பெனி செல்லிலேயே கொள்ளளவு 3500 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டித்தான் இருக்கும். ‘9900’ என்று எழுதியிருந்தால் அது பச்சைப் பொய், இரண்டாவது யோசனையே வேண்டாம். சோலார் தெருவிளக்குகளில் வரும் பருத்த 32700 எல்எஃப்பி செல் ஒன்று 6 ஏஎச், எடை சுமார் 140 கிராம். நான்கு சேர்ந்தால் 12.8 வோல்ட் 6 ஏஎச் ஆகும், செல்கள் மட்டுமே அரைக் கிலோவுக்கு மேல் நிற்கும். 12 ஏஎச் என்றால் ஒரு கிலோவைத் தாண்ட வேண்டும். 20 ஏஎச் பெட்டியை ஒரு கையில் பூப்போலத் தூக்க முடிந்தால், பணத்தைக் கொடுக்காமல் கடையை விட்டு வெளியே வாருங்கள். ஐஎஸ் 16046 என்ற முத்திரையும் அதனோடு ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும். சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் மீட்டரையும் சின்னத் தராசையும் பையில் எடுத்துப்போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி சார்ஜர். இதைத்தான் நான் கத்திச் சொல்ல விரும்புகிறேன். 12.6 வோல்ட் சார்ஜர், 14.6 வோல்ட் சார்ஜர், 16.8 வோல்ட் சார்ஜர் மூன்றும் ஒரே கறுப்பு டப்பாவில், ஒரே பின்னோடு வருகின்றன. எண் மட்டும் பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருக்கும். எல்எஃப்பிக்கு உரிய 14.6 சார்ஜரை மூன்று செல் பெட்டியில் செருகினால் ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 4.9 வோல்ட் போகும். அந்தச் செல்லின் எல்லை 4.2. உள்ளே பிஎம்எஸ் என்ற காவல் பலகை ஒழுங்காக வேலை செய்தால் வெட்டிவிடும். மேலே சொன்ன மாதிரிப் பெட்டியில் அந்தப் பலகையை நம்பி யார் தூங்குவது?

2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். ஸ்கூட்டர் பேட்டரி பெரியது, நம்முடையது சின்னது, உண்மைதான். ஆனால் மூடிய அறையில் நாலைந்து செல் வெடித்தாலே அந்தப் புகை ஆளைச் சாய்த்துவிடக்கூடும். எல்எஃப்பி எளிதில் தீப்பிடிக்காது, அதனால்தான் அதையே வாங்கச் சொல்கிறேன். பிடிக்கவே பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். சார்ஜர் மீது வெள்ளைப் பெயின்டால் பெரிதாக வோல்ட் எண்ணை எழுதுங்கள். வகைக்கு ஒரு விதமாகப் பின்னை மாற்றிவிடுங்கள், தூக்கக் கலக்கத்தில் மாற்றிச் செருக வழியே இருக்கக் கூடாது. பகலில், ஆள் விழித்திருக்கும்போது, திண்ணையிலோ டைல்ஸ் தரையிலோ வைத்துச் சார்ஜ் செய்யுங்கள். கட்டிலுக்கு அடியில், மெத்தை மேல், படி இறங்கும் வழியில் வேண்டவே வேண்டாம். புகைய ஆரம்பித்தால் முதலில் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு 101ஐக் கூப்பிடுங்கள்.

பிஎம்எஸ் பற்றி இன்னொன்று. 5 வாட் செட் பேசும்போது சுமார் 2 ஆம்பியர் இழுக்கும், எந்தப் பலகையும் தாங்கும். 100 வாட் செட் குரல் உச்சத்தில் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 10 ஆம்பியர் பலகை போட்ட பெட்டியில் அதை மாட்டினால், நீங்கள் ‘ஹலோ’ என்றதுமே பலகை வெட்டிவிடும். பேட்டரி நிறைந்திருக்கும், ரேடியோ செத்திருக்கும், காரணம் தெரியாமல் இருட்டில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பீர்கள். ஏஎச் எவ்வளவு என்று கேட்பதோடு ‘தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தரும்’ என்றும் கடைக்காரரைக் கேளுங்கள். 100 வாட்டுக்கு 30 ஆம்பியர் பலகை வேண்டும். கிடைக்கவில்லையா, பலகை தாங்கும் அளவுக்கு செட்டின் வாட்டை இறக்கி வையுங்கள். 5 வாட் செட் கேட்கும்போது 0.4 ஆம்பியர் எடுத்து, பத்தில் ஒரு பங்கு நேரம் பேசினால், நேர்மையான 6 ஏஎச் பெட்டி பத்து மணி நேரம் ஓடும். அதே கணக்கில் 100 வாட் செட்டுக்கு 20 ஏஎச் கூட அவ்வளவு நேரம் வராது.

வயரில் கஞ்சத்தனம் செய்பவர்களும் உண்டு. 1 சதுர மில்லிமீட்டர் வயரை மூன்று மீட்டர் இழுத்து 20 ஆம்பியர் ஓட்டினால், போக வர இரண்டு கம்பியிலும் சேர்ந்து 2 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடும். பேட்டரியில் 13.2 இருக்கும், ரேடியோவுக்கு 11ஐ ஒட்டித்தான் போய்ச் சேரும். குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் போடுங்கள், நீளத்தைக் குறையுங்கள். ஃப்யூஸ் பேட்டரியை ஒட்டி இருக்க வேண்டும். ரேடியோ பக்கம் மட்டும் ஃப்யூஸ் இருந்து நடுவில் வயர் நசுங்கினால் அந்த ஃப்யூஸால் ஒரு பயனும் இல்லை.

‘லித்தியமே வேண்டாம், பழைய ஈய பேட்டரி போதும்’ என்பவர்களும் கொஞ்சம் நில்லுங்கள். யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஏஎச், மருந்தடிக்கும் ஸ்பிரேயரில் வரும் 12 வோல்ட் 8 ஏஎச் எல்லாம் நல்ல பண்டம்தான், கிராமத்தில்கூடக் கிடைக்கும். ஆனால் அந்த 7 ஏஎச் என்பது 0.35 ஆம்பியராக இருபது மணி நேரம் உறிஞ்சினால் வரும் கணக்கு. வேகமாக இழுத்தால் குறையும். அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும். அதைவிடப் பெரிய ஆபத்து மறதி. தை மாதம் மூலையில் வைத்த பேட்டரி சித்திரை, வைகாசி அக்னி நட்சத்திர வெக்கையில் தானாக இறங்கி, தகட்டில் சல்ஃபேட் படிந்து, ஐப்பசியில் எடுக்கும்போது பிணமாக இருக்கும். சார்ஜ் போட்டு மீட்டர் வைத்தால் 12.6 என்று உயிரோடு இருப்பது போலவே காட்டும், பிடிடியை அழுத்தினால் 9க்கு விழும். மாதம் ஒருமுறை சார்ஜ் போட மனம் இருப்பவர்கள் மட்டும் இதை நம்பலாம். எல்எஃப்பியைப் பாதிச் சார்ஜில், நிழலான இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. மழைக்கு முன்னால் நிரப்பிக்கொள்ளலாம்.

வாக்கிடாக்கி வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். பாவ்ஃபெங் யுவி-5ஆரின் வழக்கமான பேட்டரி 7.4 வோல்ட் 1800 மில்லி ஆம்பியர் மணி. அதே உருவத்தில், அதே எடையில் இரட்டிப்புக் கொள்ளளவு என்று ஒன்றை நீட்டினால் வாங்காதீர்கள். பென்சில் பேட்டரி போடும் கூடு கிடைத்தால் வாங்கி வையுங்கள். ஆனால் பெட்டிக்கடைச் சுவர்க்கடிகார பேட்டரி அதற்கு ஆகாது. பேசும்போது இழுக்கும் மின்சாரத்தை ஆல்கலைன் செல்தான் தாங்கும்.

வாங்கியாயிற்று. இனி ஸ்டிக்கர் சொல்வது உண்மையா என்று பார்க்க ஆட்டோ எலெக்ட்ரிகல் கடையில் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று வாங்குங்கள். சொற்ப விலைதான். பெட்டியை நிரப்பி, பல்பை மாட்டி, கடிகாரத்தைப் பாருங்கள். பல்பு 1.8 ஆம்பியரை ஒட்டி எடுக்கும். 6 ஏஎச் எல்எஃப்பி மூன்று மணி நேரத்துக்கு மேல் எரிய விட வேண்டும். ஒன்றேகால் மணியில் அணைந்தால் உள்ளே இருப்பது இரண்டே சொச்சம் ஏஎச்தான், உடனே திருப்பி அனுப்புங்கள். ஈய பேட்டரியில் செய்தால் பக்கத்திலேயே இருந்து மீட்டரில் 10.5 வந்ததும் பல்பைக் கழற்றிவிடுங்கள், கையோடு சார்ஜ் போடுங்கள். பல்பு சூடாக இருக்கும், காகிதம் துணி பக்கத்தில் வேண்டாம். ஆண்டுதோறும் புரட்டாசியில் இதைச் செய்யுங்கள். வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விட்டபின் ஆர்டர் போட்டால் கூரியர் வண்டி விழுப்புரத்தைத் தாண்டாது.

கடலோரத்தில் இருப்பவர்கள் இதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள்: உப்புத்தண்ணீரில் நனைந்த லித்தியம் பெட்டி காய்ந்துவிட்டாலும் குணமாகாது. 2022 செப்டம்பரில் இயன் புயல் ஃப்ளோரிடாவில் கடல்நீரைக் கொண்டுவந்தபின், நனைந்த மின்சாரக் கார்கள் நாள்கள் கழித்துத் தாமாகவே தீப்பிடித்தன. உப்பு உள்ளே படிந்து மெல்ல மெல்ல ஷார்ட் ஆக்கும். பரங்கிப்பேட்டையிலோ முடசல் ஓடையிலோ உங்கள் பெட்டி வெள்ளத்தில் மூழ்கினால் துடைத்துச் சார்ஜ் போட்டுப் பார்க்கும் வேலையே வேண்டாம். வீட்டை விட்டுத் தள்ளி, திறந்தவெளியில் போட்டுவிடுங்கள். நனையாமல் இருக்க, மழைக்காலம் முழுக்கப் பெட்டியை மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில், பரண் உயரத்தில் வையுங்கள்.

எல்லாம் தீர்ந்துபோன மூன்றாவது நாளை நினைத்தும் ஒரு வேலை செய்துவைக்க வேண்டும். சோலார் தகடு நல்லதுதான், ஆனால் புயலுக்குப் பிந்தைய மூட்டத்தில் அது தருவது கொஞ்சம். மலிவான சோலார் கன்ட்ரோலர்கள் ரேடியோவில் இரைச்சல் கிளப்பும், கேட்கும்போது கழற்றிவிட வேண்டியிருக்கும். நம் ஊரில் கரண்ட் இல்லாத நாளிலும் தெருவுக்குத் தெரு 12 வோல்ட் நின்றுகொண்டிருக்கிறது: கார், டிராக்டர், நெல் அறுக்கும் இயந்திரம். முனையில் முதலைக் கிளிப், அதை ஒட்டியே ஃப்யூஸ், மறுமுனையில் உங்கள் ரேடியோவின் பின் என்று கனத்த கேபிள் ஒன்றை இப்போதே செய்து பையில் போடுங்கள். இன்ஜினை அவ்வப்போது ஓடவிடச் சொல்லி வண்டிக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அவர் வண்டி கிளம்பாது. லாரி, பஸ், பெரிய விசைப்படகு என்றால் கூடுதல் உஷார். அங்கே இரண்டு பேட்டரிகளைத் தொடராகக் கட்டி 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். ஒரே பேட்டரியின் இரண்டு முனைகளில் மட்டும் கிளிப்பை மாட்டுங்கள், அதற்கும் முன்னால் மீட்டரை வைத்துப் பாருங்கள், 15.9க்கு மேல் காட்டினால் ரேடியோவைச் செருகாதீர்கள்.